சீசிங் டிராக்டர் ஏலத்துல எடுக்கலாமா? நாலு வண்டி எடுத்தவன் சொல்றேன்

தம்பி கேட்டது இதான். பைனான்ஸ்காரங்க சீஸ் பண்ணி யார்டுல போட்டுருக்குற 2021 மாடல் 45 ஹெச்பி டிராக்டர் ஒண்ணு ஏலத்துக்கு வருது, 3,20,000 கிட்ட முடியும்னு புரோக்கர் சொல்றாரு, வாரண்டி எதுவும் கிடையாதாம், சொந்தமா பத்து ஏக்கர் இருக்கு, இன்ஜின் போயிருச்சுன்னா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு, எடுக்கலாமா வேணாமா?

நான் டெல்டா பக்கம். டிராக்டர் வாடகைக்கு ஓட்டுறதுதான் பொழப்பு. ஏலத்துல இதுவரை நாலு வண்டி எடுத்துருக்கேன், ரெண்டுல நல்ல காசு பாத்தேன், ஒண்ணு போட்டதுக்கு சரியா வந்துச்சு, ஒண்ணுல செமத்தியா அடி வாங்குனேன். அடி வாங்குன வண்டில இன்ஜின் பக்கா கண்டிஷன். அதனாலதான் சொல்றேன், நீங்க பயப்படுறது சரிதான், ஆனா தப்பான எடத்த பாத்து பயப்படுறீங்க.

இன்ஜின் போச்சுன்னா என்ன ஆகும்? இறக்கி, லைனர் பிஸ்டன் ரிங்கு பேரிங்கு எல்லாம் புதுசா போட்டு, ஹெட்டு வேலை பாத்து ஏத்துனா எங்க ஊர் மெக்கானிக் கணக்குல 50,000ல இருந்து 60,000 ஆகும், கிராங்கு தேஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் சேரும். வலிக்கும்தான், ஆனா அது ஒரு தொகை, முன்னாடியே கணக்குல வச்சுக்கலாம். பேப்பர்ல ஓட்டை இருந்துச்சுன்னா அதுக்கு தொகையே கெடையாது, எத்தன மாசம் ஆகும்னு எவனும் சொல்ல மாட்டான்.

நான் அடி வாங்குன கதைய சொல்றேன். ரெண்டாவதா எடுத்த வண்டி. பணம் முழுசா கட்டிட்டேன், டெலிவரி ஆர்டர் குடுத்தாங்க, லோடு ஏத்தி வீட்டுக்கும் கொண்டாந்துட்டேன். ஆர்சி எங்கன்னு கேட்டா பழைய ஓனர் கிட்ட இருக்கு, அவரு குடுக்க மாட்டேங்குறாரு, நாங்க ஆர்டிஓ ஆபீஸ்ல எங்க பேருக்கு புது ஆர்சி போட்டு அப்பறம் உங்களுக்கு மாத்தி தரோம்னு சொன்னாங்க. அப்படி ஒரு வழி சட்டத்துலயே இருக்கு, மோட்டார் வாகன சட்டம் 1988ல 51வது பிரிவு, அஞ்சாவது உட்பிரிவு. கடன் கட்டாததால வண்டிய எடுத்த பைனான்ஸ்காரர், ஓனர் ஆர்சிய குடுக்க மறுத்தாலோ ஆளே காணாம போனாலோ, 36ம் நம்பர் பார்ம்ல அப்ளை பண்ணி தன் பேருக்கு புது ஆர்சி வாங்கிக்கலாம். ஆனா ஆர்டிஓ சும்மா தூக்கி குடுத்துற மாட்டாரு, பழைய ஓனருக்கு ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸ் போய், அவரு சொல்றத சொல்ல வாய்ப்பு குடுத்து, அதுக்கப்பறம்தான். அந்தாளு நோட்டீஸ வாங்கிட்டு ஆட்சேபணை எழுதிப் போட்டாரு. பதினோரு மாசம் இழுத்துச்சு தம்பி. குறுவை போச்சு, சம்பா போச்சு, வண்டி கொட்டாய்ல நிக்குது, நான் அடுத்தவன் வண்டிய வாடகைக்கு எடுத்து ஓட்டுறேன். அந்த பதினோரு மாசத்துல எனக்கு போன காசுல ரெண்டு இன்ஜின் இறக்கி ஏத்தியிருக்கலாம்.

அதனால ஏலம் கேக்கப்போற வண்டில மொதல்ல கேக்க வேண்டியது, ஒரிஜினல் ஆர்சி பைனான்ஸ் கைல இருக்கா? இல்லன்னா 36 பார்ம் போட்டாச்சா, இப்ப யார் பேர்ல நிக்குது? கடன் முடிஞ்சதா காட்டி ஹைப்போதிகேஷன், அதாவது ஆர்சில இருக்குற பைனான்ஸ் அடமானத்த கேன்சல் பண்ற 35ம் நம்பர் பார்ம், ஆட்சேபணை இல்லைங்குற என்ஓசி, பேர் மாத்துற 29, 30 பார்ம்ல கையெழுத்து, இதெல்லாம் பணம் கட்டுன எத்தனாவது நாள்ல கைக்கு வரும்? இத புரோக்கர் வாயால கேட்டா பிரயோசனம் இல்ல, கம்பெனி ஈமெயில்லயோ லெட்டர்லயோ வாங்குங்க. வாய்ல சொல்றவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வாங்க, "அதெல்லாம் ஒரு வாரத்துல வந்துரும் சார்".

வண்டி நம்பர எம்-பரிவாகன் ஆப்ல போட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை. யார் கிட்ட ஹைப்போதிகேஷன் இருக்குன்னு காட்டும், அதுல இருக்குற பேரும் ஏலம் விடுற கம்பெனி பேரும் ஒண்ணா இருக்கணும். வேற பேரு இருந்தா அங்கேயே திரும்பி வந்துருங்க. இன்சூரன்ஸ் எப்ப முடிஞ்சுது, ஆர்சி எதுவரைக்கும், அபராதம் நிலுவை இருக்கா எல்லாம் தெரிஞ்சிரும். அப்பறம் யார்டுல சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர ரெண்டையும் நீங்களே துடைச்சு படிச்சு ஒரு பேப்பர வச்சு பென்சில் தேச்சு அச்சு எடுத்துக்கங்க, ஆர்டிஓ ஆபீஸ்ல கேக்குற மாதிரியே. ஒரு எழுத்து மாறியிருந்தாலும், அந்த எடத்துல மட்டும் பெயிண்டு புதுசா இருந்தாலும் வேணாம்.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம், நிறைய பேரு இதுல குழம்புறாங்க. ஏல விதில "உள்ளது உள்ளபடி, எங்குள்ளதோ அங்குள்ளபடி"ன்னு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் மொத்த ஆட்டமும். சரக்கு விற்பனை சட்டம் 1930ல 16வது பிரிவு, சாமான் தரத்துக்கு விக்குறவன் பொறுப்புன்னு பொதுவா எதுவும் கெடையாது, விதிவிலக்கு சிலது மட்டும்தான்னு சொல்லுது. இந்த வரிய போட்டு அந்த கொஞ்ச நஞ்ச விதிவிலக்கையும் அடைச்சிருவாங்க, 62வது பிரிவு அதுக்கு எடம் குடுக்குது. ஆனா 14வது பிரிவு வேற மாதிரி, விக்குறவனுக்கு விக்குற உரிமை இருக்கணும்ங்குறது ஒப்பந்தத்துல சொல்லாமயே அடங்குன நிபந்தனை. அதாவது கியர் பாக்ஸ் ஒடஞ்சிருந்தா நீங்க ஒண்ணும் கேக்க முடியாது, வண்டியே அவங்க விக்க முடியாத வண்டியா இருந்தா கேக்கலாம். சில கம்பெனி விதில இதையும் மடக்குறாங்க, "உரிமை சம்பந்தமா வரும் எந்த வழக்குக்கும் நாங்க பொறுப்பில்ல"ன்னு பன்னெண்டாவது பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும். அப்படி இருந்தா நான் கேக்க மாட்டேன், அவ்வளவுதான்.

நுகர்வோர் கோர்ட்டுக்கு போய்க்கலாம்னு சிலர் சொல்றாங்க. அத நம்பி எறங்காதீங்க. 2009ல சண்டிகர் மனை ஏலம் சம்பந்தமான கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு, பொது ஏலத்துல உள்ளது உள்ளபடி பாத்து எடுத்தவர் நுகர்வோர்னு சொல்லிக்க முடியாதுன்னு தீர்ப்பு குடுத்துருச்சு. அது மனை கேஸ்தான், டிராக்டர் இல்ல, இருந்தாலும் எதிர்தரப்பு வக்கீல் மொதல்ல எடுத்து வைக்கிறது அதத்தான்.

அடுத்தது வண்டி. யார்டுக்கு போறப்ப கூட்டிட்டு போக வேண்டிய ஆளு உங்க மச்சானோ மாமனோ இல்ல, அந்த கம்பெனி வண்டில கை வச்ச மெக்கானிக். ஆயிரம் ரூவா குடுத்து ஒரு நாள் கூட்டிட்டு போங்க. காலைல யார்டு தொறந்த ஒடனே போங்க, போன ஒடனே யாரையும் ஸ்டார்ட் பண்ண விடாம ரேடியேட்டர்லயும் சைலன்சர் குழாய்லயும் கைய வச்சுப் பாருங்க. ஒரு தடவ நாங்க போனப்ப எல்லா வண்டியும் சில்லுனு பனி படிஞ்சு இருக்கு, நாங்க கேட்ட வண்டி மட்டும் மேனிபோல்டு வெதுவெதுன்னு இருக்கு. வாட்ச்மேன் கிட்ட கேட்டா தலைய சொறியுறாரு. வர்றதுக்கு முன்னாடியே பேட்டரி போட்டு ஓட்டி சூடு பண்ணி வச்சிருக்காங்க, ஏன்னா குளிர்ந்த இன்ஜின்ல அது ஸ்டார்ட் ஆகாது. கம்ப்ரஷன் போன வண்டி காலைலதான் மாட்டிக்கும், மத்தியானம் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

டிப் ஸ்டிக்க உருவி ஆயில பாருங்க, கருப்பா இருந்தா பரவால்ல, பால் கலந்த டீ மாதிரி இருந்தா தண்ணி எறங்கியிருக்கு, ஹெட் கேஸ்கட்டோ லைனர் ஓரிங்கோ போயிருக்கு. ஓடுறப்ப ஆயில் ஊத்துற மூடிய தொறந்தா மெலிசா ஆவி வரும், அது சகஜம், குபுகுபுன்னு பீடி புகை மாதிரி தள்ளுனா பேக் கம்ப்ரஷன், ரிங்கு காலி. சைலன்சர்ல நீலப் புகை நின்னு வந்தா ஆயில் எரியுது. கறுப்புப் புகைக்கு பம்பு, நாசில், ஏர் பில்டர் எதுவா வேணா இருக்கலாம், அதுக்காக வண்டிய ஒதுக்க வேண்டியதில்ல.

மணி மீட்டர நம்பாதீங்க. கேபிள கழட்டி விட்டு ஓட்டுறது இங்க சாதாரணம். 1,400 மணி நேரம்னு காட்டும், கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கை ஆகி இரும்பு பளபளன்னு தெரியும். நான் பாக்குறது டிராபார் ஓட்டை. டிரைலர் பின்னு போற அந்த ஓட்டை வட்டமா இருந்தா வண்டி வயல்ல ஓடுனது, முட்டை மாதிரி நீண்டு போயிருந்தா வண்டி பெரும்பாலும் லோடு அடிச்சிருக்கு, செங்கலோ மண்ணோ கரும்போ. லோடு அடிச்ச வண்டில கிளட்ச், பிரேக், கியரு, முன் ஆக்சில் புஷ்ஷு எல்லாம் அடி வாங்கியிருக்கும். அந்த ஓட்டைக்கு வெல்டிங் வச்சு திரும்ப கடைஞ்சிருந்தா இன்னும் சந்தேகப்படுங்க.

இன்னொண்ணு, வண்டி நம்பரே பாதி ஜாதகம் சொல்லும். டிஎன் 49, 50, 51னா தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், அதாவது கேஜ் வீல்ங்குற இரும்புச் சக்கரம் மாட்டி சேத்து உழவு ஓட்டுன வண்டியா இருக்க வாய்ப்பு அதிகம். சேறு முழங்கால் ஆழத்துக்கு ஏறி முன் வீல் பேரிங்கு, ஆக்சில் சீல், பிரேக்கு வரைக்கும் தண்ணிய கொண்டு போயிரும், கேஜ் வீல் பாரம் பின் ஆக்சில்ல எறங்கும். பின் ஹவுசிங்ல ஆயில் கசிவு இருக்கா, டிரான்ஸ்மிஷன் ஆயில்ல தண்ணி இருக்கான்னு கீழ இருக்குற டிரெய்ன் போல்ட லேசா தளத்தி பாக்கச் சொல்லுங்க, விட மாட்டாங்க, கேட்டுப் பாருங்க. புதுக்கோட்டை, சிவகங்கை பக்கத்து மானாவாரி வண்டின்னா இந்த தொல்லை கம்மி, டயர் தேய்மானம் ஜாஸ்தி. எங்க ஊரு வண்டிய நானே கொறை சொல்றேனேன்னு நெனைக்காதீங்க, உண்மை அதான்.

லிப்ட தூக்கச் சொல்லி, கலப்பையோ எதாச்சும் பாரமோ மாட்டி, இன்ஜின ஆப் பண்ணிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்து பாருங்க. நல்லா எறங்கி போயிருந்தா ஹைட்ராலிக் கசியுது. யார்டுல கலப்பை இருக்காது, நாலு பேரு லிப்ட் ஆர்ம்ல ஏறி நில்லுங்க, கைகால் மாட்டாம. பின்னாடி கருவிய சுத்த வைக்கிற பிடிஓ ஷாப்டு பல்லு கூர்மையா தேஞ்சிருந்தா ரொட்டவேட்டர் ஓயாம ஓடியிருக்கு. பல யார்டுல ஓட்டிப் பாக்க விட மாட்டாங்க, ஸ்டார்ட் மட்டும்தான். அப்ப கியர் பாக்ஸ், கிளட்ச் ரெண்டையும் கெட்டதுன்னே வச்சு கணக்கு போடணும்.

யார்டுல நிக்குற வண்டிக்கு இன்னொரு வியாதி உண்டு. மாசக்கணக்குல வெயில்லயும் மழைலயும் நின்னா டயர்ல வெடிப்பு, டீசல் டேங்க்ல தண்ணி, வயரு எல்லாம் எலி கடி, பிரேக்கு துரு. நிக்க நிக்க வண்டி எளைக்கவும் செய்யும், மொதல்ல பேட்டரி காணாம போகும், அப்பறம் டாப் லிங்க், ஜாக்கி, அப்பறம் செல்ப் மோட்டார், ஆல்டர்னேட்டர். நீங்க பாத்தப்ப இருந்தது டெலிவரி அன்னைக்கு இருக்காது. அதனால பாக்குற அன்னைக்கே சுத்தி வந்து வீடியோ எடுத்து, தேதி சொல்லி பேசி வச்சுக்கங்க. சண்டை போடுறதுக்காச்சும் உதவும்.

ஒரு முக்கியமான ஆள எல்லாரும் மறந்துர்றாங்க. பழைய ஓனர். மூணாவது வண்டி எடுத்து ஒரு மாசத்துல ஒரு பெரியவரு டிவிஎஸ் 50ல வந்து எறங்குனாரு. மட்கார்டுல எழுதியிருந்த பேரு அவரு பொண்ணு பேராம். நான் சண்டைக்கு வந்துட்டாருன்னு நெனச்சு வேட்டிய மடிச்சு கட்டிக்கிட்டு நிக்குறேன், அவரு வண்டிய ஒரு சுத்து சுத்தி பாத்துட்டு, "லிப்டு எறங்கும் தம்பி, சிலிண்டர் ஓரிங்க மாத்துங்க, நான் மாத்தணும் மாத்தணும்னு விட்டுட்டேன், ரெண்டு போகம் வெள்ளாமை இல்ல"ன்னு சொல்லிட்டு, தண்ணி கூட குடிக்காம போயிட்டாரு. மெக்கானிக் ரெண்டு நாளா தேடுன கோளாறு அது. அதுல இருந்து, ஏலம் கேக்குறதுக்கு முன்னாடியே நம்பர வச்சு எந்த ஊரு வண்டின்னு விசாரிச்சு, அந்த ஊரு டீக்கடைலயோ மெக்கானிக் கிட்டயோ ஒரு பேச்சு குடுக்காம நான் கேக்குறதில்ல. வண்டி என்ன வேலை பாத்துச்சு, ஆத்துல கவுந்துச்சா, ஓனர் கோர்ட்டுக்கு போயிருக்காரா எல்லாம் அங்க தெரிஞ்சிரும். கோர்ட்ல ஸ்டே வாங்குற நெலமைல இருக்குற வண்டின்னா ஒதுங்கிக்கங்க. உங்க ஊர்லயோ பக்கத்து ஊர்லயோ சீஸ் பண்ணுன வண்டியையும் எடுக்காதீங்க, தெனம் அவரு வீட்டு வாசல் வழியா அத ஓட்டிட்டு போகணும், அந்த வெலை எந்த ரசீதுலயும் வராது.

ஏலம் நடக்குற விதத்துலயும் ரெண்டு மூணு குழி இருக்கு. டெபாசிட் கட்டி ஏலம் எடுத்துட்டு, சொன்ன நாளுக்குள்ள மீதிய கட்டலன்னா டெபாசிட் கோவிந்தா. ஒசந்த கேள்வி உங்களோடதா இருந்தாலும் கம்பெனி ஒத்துக்கிட்டாதான் வண்டி, அதுவரைக்கும் உங்க காசு அங்க மொடங்கி கெடக்கும். ஏலத் தொகைக்கு மேல ஜிஎஸ்டி, ஏல கம்பெனி கமிஷன், குறிப்பிட்ட நாளைக்கு மேல ஆனா யார்டு வாடகை, இதெல்லாம் சேருமான்னு கேட்டு தொகையா எழுதி வாங்குங்க. விக்குறவங்களே ஆள விட்டு ஏத்தி கேட்டா அந்த ஏலத்த மோசடின்னு சொல்லி நீங்க ரத்து பண்ணலாம்னு விற்பனை சட்டம் 64வது பிரிவு சொல்லுது, ஆனா ஆன்லைன் ஏலத்துல எதிர்ல கேக்குறது யாருன்னு எப்படி நிரூபிக்கிறது? ஒங்க ஒசந்த தொகைய வீட்லயே எழுதி சட்டைப் பையில வச்சுக்கிட்டு அதுக்கு மேல வெரல அழுத்தாம இருக்குறதுதான் வழி. போட்டோவ மட்டும் காட்டி அட்வான்ஸ் ஜிபே பண்ணுங்கன்னு சொல்றவன் திருடன், அத பத்தி பேசவே வேணாம்.

அரசாங்க ஏலம் நம்பிக்கையா இருக்கும்ல அண்ணேன்னு போன மாசம் ஒருத்தர் கேட்டாரு. எம்எஸ்டிசிங்குற மத்திய அரசு ஏல கம்பெனி மூலமா துறை வண்டிங்க ஏலத்துக்கு வரும், உண்மைதான். ஆனா 15 வருஷம் தாண்டுன அரசு வண்டிங்க பதிவு 2023 ஏப்ரல் 1ல இருந்து புதுப்பிக்க முடியாது, அதெல்லாம் ஒடைக்கத்தான் போகணும். அத ஓட்டலாம்னு நெனச்சு எடுத்தா இரும்பு வெலைக்கு இரும்பு வாங்குன மாதிரி. அதே மாதிரி 50 ஹெச்பிக்கு மேல 2023 ஜனவரிக்கு அப்பறம் வந்த மாடல்னா புது புகை விதிக்கு ஏத்த மாதிரி எலக்ட்ரானிக் டீசல் சிஸ்டத்தோட வரும், அத ஸ்கேனர் போடாம வாங்கவே கூடாது, நாசில் வெலைய கேட்டா நெஞ்சு அடைக்கும். உங்களுது 2021, 45 ஹெச்பி, பழைய பம்புதான், அந்த கவலை இல்ல.

டெலிவரி எடுத்துட்டு ஜாலியா ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துறாதீங்க. யார்டு வண்டில பெரும்பாலும் இன்சூரன்ஸ் செத்துப் போயிருக்கும். தேர்ட் பார்ட்டி இல்லாம ரோட்டுல எறங்கி யார் மேலயாச்சும் பட்டுருச்சுன்னா நெலத்த வித்துதான் கட்டணும். லாரில ஏத்திட்டு வாங்க. டிரைலர் சேத்து எடுத்தீங்கன்னா அதுக்கு தனி ஆர்சி, அதையும் இன்சூரன்ஸ்ல சேக்கணும்.

இப்ப உங்க கணக்க போட்டுருவோம். கூடக்குறைய இருக்கும், உங்க ஊர் ரேட்ட வச்சு மாத்திக்கங்க. இதே 2021 மாடல், பேப்பர் சுத்தமா, ஓட்டிப் பாத்து தெரிஞ்சவங்க கிட்ட எடுத்தா எங்க பக்கம் 4,50,000 போகும். அதுல பின் டயர் ஜோடி 45,000, பேட்டரி 7,000, எல்லா ஆயிலும் பில்டரும் மாத்த 15,000, கிளட்ச் வேலை 18,000, இன்ஜின் வேலைக்கு ஒதுக்கீடு 55,000, பேர் மாத்த இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து 15,000, லாரி வாடகை 10,000. மொத்தம் 1,65,000. கழிச்சா 2,85,000. இன்ஜின் நல்லா இருந்து அந்த 55,000 மிஞ்சுனா உங்க அதிர்ஷ்டம், ஆனா அத நம்பி கேக்கக்கூடாது, கம்பெனி தராத வாரண்டிய நீங்களே உங்களுக்கு குடுத்துக்குற தொகை அது. பேப்பர் லேட் ஆனா வெளி வண்டிக்கு குடுக்குற வாடகைக்கு இன்னொரு 25,000 தள்ளுங்க, 2,60,000 நிக்கும்.

புதுசையும் ஒரு பார்வை பாருங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து டிராக்டர் ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா எறங்கிருச்சு, அதனால பழைய வண்டி வெலையும் எறங்கணும், புரோக்கருங்க இன்னும் பழைய ரேட்டத்தான் வாய்ல வச்சிருக்காங்க. சொந்த பத்து ஏக்கருக்கு மட்டும்னா வேளாண்மை பொறியியல் துறைலயே வாடகைக்கு வண்டி தராங்க, உழவன் செயலில பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வெளி வேலையும் ஓட்டப் போறீங்கன்னா சொந்த வண்டி சரி.

ஒரிஜினல் ஆர்சி பைனான்ஸ் கைல இருந்து, காலைல குளிர்ந்த இன்ஜின் ரெண்டாவது செல்ப்ல புடிச்சுதுன்னா நான் 2,60,000 வரைக்கும் கேப்பேன். 3,20,000க்கு அந்த புரோக்கரையே எடுத்துக்கச் சொல்லுங்க.